நனவும் கனவும்: மூளையலைகள் காட்டும் உறவு

நனவு, கனவு என்னும் இரு சொற்களும் முதலெழுத்து ஒன்றினாலேயே வேறுபடுகின்றன. திருக்குறளின் 122ஆம் அதிகாரமாகிய கனவுநிலை உரைத்தலிலும் இவ்விரண்டும் இணைத்து எண்ணப்படுகின்றன. சொல்லளவில் இத்துணை நெருங்கிய இந்நிலைகள் மூளைக்குள்ளும் நெருங்கியவைதாமா? மொழியியல் பயின்ற நாம் இதற்கு விடையை உடலியலாரிடமே கேட்டறிதல் வேண்டும்.

மனித மூளையின் மின்னசைவைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக விழித்திருக்கையில் நொடிக்கு 8 முதல் 13 வரை எழும் ஆல்ஃபா அலைகள் தோன்றும். கண்திறந்து கருத்தூன்றும்போது 13 முதல் 30 வரையிலான பீட்டா அலைகள் மிகும். அலையின் உயரமோ குறையும். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு 4க்கும் குறைவான, உயர்ந்தெழும் டெல்டா அலைகள் மேலோங்கும்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும், உறங்குவோரின் விழிகள் இடையிடையே விரைந்தசைவதை அறிவித்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருட் பலர் கனவு கண்டதாகக் கூறினர். அப்போதைய அலைப்பதிவு, விழிப்பின் பதிவைப் போலவே உயரம் குறைந்தும் விரைந்தும் காணப்பட்டது. உடலோ தசை தளர்ந்து கிடந்தது. இதனாலேயே பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஜூவே இதனை 'முரண் உறக்கம்' என்றார். இன்றும் உறக்க ஆய்வகங்களில், மூளையலையோடு விழியசைவையும் தாடைத்தசையின் நிலையையும் சேர்த்தே பதிவு செய்கின்றனர்.

அவ்வாறாயின் வேறுபாடு யாது? 1993இல் லினாஸ், ரிபரி ஆகியோர் நொடிக்கு 40 அளவிலான அலைவு இருநிலைகளிலும் இருக்கக் கண்டனர். விழித்திருப்போர் செவியில் ஓர் ஒலி விழுந்தால் அவ்வலைவு அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக் கொண்டது. கனவுறக்கத்தில் அவ்வாறு மாறவில்லை. வீட்டினுள் விளக்கு எரிகிறது. வாயிற்கதவு மட்டும் சாத்தியிருக்கிறது என இதனை விளக்கலாம்.

இச்செய்தி மாணவர்க்குப் பெரிதும் வேண்டுவது. கனவுறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருவது. முதற்சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். எனவே நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கு எழுபவர் இழப்பதில் பெரும்பங்கு கனவுறக்கமே. கற்றது மனத்தில் நிலைபெற ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் துணைபுரிகின்றன என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், வைகறையில் எழுந்து படிக்குமாறு நாமும் மாணவரை வற்புறுத்தியதுண்டு. எத்தனை மணிக்கு உறங்கினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜெஞ்சாரோமிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிப் பேருந்துக்காக இருள் பிரியுமுன் எழும் பிள்ளைகள் பலர். எஸ்.பி.எம். தேர்வுக்குக் கால அட்டவணை வகுத்துத் தரும் ஆசிரியர்கள், படுக்கும் நேரத்தையும் அதில் முதல்வரியாக எழுதுதல் நன்று. வைகறைப் படிப்பு முன்னிரவு உறக்கத்தோடு சேர்ந்தே பயன்தரும்.