சிற்றுலைகளும் உரிமத்தின் விலையும்

சிறிய அணு உலைகள் பெருகாததற்கு உரிமம் வழங்குவதில் ஏற்படும் தாமதமே காரணம் என்ற குரல் அமெரிக்காவில் ஓங்கி ஒலிக்கிறது. இதில் பாதி உண்மை உண்டு.

மாறாச் செலவை மாணவர்களுக்கு விளக்க, அச்சுத் தொழிலை நான் எடுத்துக்காட்டுவது வழக்கம். நூறு படி அச்சிட்டாலும் பத்தாயிரம் படி அச்சிட்டாலும் எழுத்துக் கோக்கும் செலவு ஒன்றே. உரிமச் செலவும் பெரும்பாலும் அத்தகையதே. உலை சிறிதென்பதால் நிலநடுக்கம், குளிர்விப்பு, கதிர்வீச்சுத் தடுப்பு பற்றிய ஆய்வுகள் அதே விகிதத்தில் சுருங்கிவிடுவதில்லை. 1,000 மெகாவாட் உலைக்கும் 50 மெகாவாட் உலைக்கும் ஒரே செலவு என்று கொண்டால், ஒரு மெகாவாட்டின் மீது விழும் சுமை பின்னதில் இருபது மடங்கு.

நுஸ்கேல் நிறுவனம் 50 மெகாவாட் உலை வடிவமைப்புக்கு 2016 இறுதியில் விண்ணப்பித்தது. ஒழுங்குமுறை ஆணையத்தின் சான்றிதழ் 2023 ஜனவரியில்தான் முழுமை பெற்றது. விண்ணப்பத்தைத் தயாரிக்க மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் செலவானதாக நிறுவனம் கூறியது.

ஆனால், அதே ஆண்டு நவம்பரில் ஐடாஹோ மாநிலத்தில் அமையவிருந்த அதன் முதல் திட்டம் கைவிடப்பட்டது. உரிமம் மறுக்கப்பட்டதால் அன்று. திட்ட மதிப்பீடு 530 கோடி டாலரிலிருந்து 930 கோடியாக உயர்ந்ததால். ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்தின் விலை, அரசு மானியத்தைக் கழித்த பின்னரும், 58 டாலரிலிருந்து 89 டாலரானது. வாங்குவதற்குப் போதிய உள்ளாட்சி மின் அமைப்புகள் முன்வரவில்லை.

2022-இல் ஓக்லோ நிறுவனத்தின் விண்ணப்பத்தை ஆணையம் நிராகரித்தது; கேட்ட தகவல்கள் போதிய அளவில் தரப்படவில்லை என்பதே காரணம். ஆக, தாமதத்தின் வேர் எப்போதும் ஆணையத்திடமே இருப்பதில்லை.

2024-ஆம் ஆண்டுச் சட்டம் புதுவகை உலைகளின் ஆய்வுக் கட்டணத்தைக் குறைத்தது. இது வரவேற்கத்தக்கது. 2025 மே மாத அதிபர் ஆணையோ, புதிய உலைகள் குறித்து 18 மாதங்களுக்குள் முடிவெடுக்கக் கெடு விதித்தது. கெடு மட்டும் ஆய்வை விரைவுபடுத்தாது. நுஸ்கேலின் 77 மெகாவாட் வடிவமைப்பு இரண்டு ஆண்டுகளுக்குள் ஒப்புதல் பெற்றதற்கு, அதன் அடிப்படை முன்னரே ஆராயப்பட்டிருந்தது முக்கியக் காரணம். ஒரே வடிவமைப்பைத் திரும்பத் திரும்பக் கட்டுவதே செலவையும் காலத்தையும் குறைக்கும் நேர்வழி.

அணுசக்தியை ஊக்குவிப்பதும் கண்காணிப்பதும் ஒரே அமைப்பிடம் இருக்கலாகாது என்பதற்காகவே, 1974-இல் அமெரிக்கா தன் பழைய அணுசக்தி ஆணையத்தைப் பிரித்தது. அந்த வேலி தளர்ந்து ஒரு சிற்றுலையில் விபத்து நேர்ந்தால், எல்லா உலைகள் மீதும் மக்களுக்கு உள்ள நம்பிக்கை குலையும். அந்த இழப்பை எந்தக் கட்டணச் சலுகையாலும் ஈடுகட்ட இயலாது.