445-ஐ யாருக்குத் திறக்கிறீர்கள்?

“ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க, ஷேரிங் தானா வந்துடும்.” வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை எங்காவது கேட்டிருப்பார்கள். சர்வீஸுக்கு வந்தவர் சொல்லியிருப்பார், இல்லையென்றால் கம்ப்யூட்டர் படிக்கும் உறவுக்காரப் பையன். ஆஃப் செய்ததும் ஹால் கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண வீடியோ மாடி அறை லேப்டாப்பில் திறந்துவிடும். வேலை முடிந்துவிட்டதால், அணைத்ததைத் திரும்பப் போட வேண்டும் என்ற நினைப்பே வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது அணைந்தே கிடக்கும். அந்த யோசனையில் நான் அஞ்சுவது இதைத்தான்.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட போர்ட்டுகள் உண்டு. தாலுகா அலுவலகத்தில் எந்த மனுவுக்கு எந்த கவுன்ட்டர் என்று இருப்பதுபோல, வரும் தகவல் எந்த மென்பொருளிடம் போக வேண்டும் என்பதை இந்த எண் சொல்லிவிடும். எந்த போர்ட்டுக்கு யாரை விடலாம் என்று பார்க்கும் காவல்தான் ஃபயர்வால். பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443. விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர்வதற்கு 445. இந்தப் பகிர்தலை நடத்தும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸ் 2000-க்கு முன்பு இதே வேலைக்கு 137, 138, 139 ஆகிய மூன்று போர்ட்டுகள் தேவைப்பட்டன. மேக் கம்ப்யூட்டர்களும் 2013 முதல் எஸ்எம்பியையே முதன்மையாக எடுத்துக்கொண்டன. லினக்ஸுக்கு, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா இருக்கிறது. ஆக, உங்கள் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் இருந்தாலும் கடைசியில் வந்து நிற்பது 445-இல்தான்.

அந்த எண்ணை உலகம் முழுக்கப் பேசவைத்த நாள் 2017 மே 12. வான்னாக்ரை என்ற மால்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஃபைல்களைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு தடுமாறியது. அங்கே ரத்தான சந்திப்புகளும் சிகிச்சைகளும் 19,000 இருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். மின்னஞ்சல் இணைப்பை யாரோ திறந்ததால் பரவியது என்றுதான் முதலில் பேச்சு. ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த 445-களைத் தேடித் தேடி அது நுழைந்திருக்கிறது. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. நுழைந்த இடத்திலிருந்து, அதே உள் நெட்வொர்க்கில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களின் 445-க்கும் தாவியது.

அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டை, எஸ்எம்பியின் மிகப் பழைய முதல் பதிப்பில் இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அந்தப் பழைய பதிப்பைக் கைவிடுங்கள் என்று, எஸ்எம்பிக்குப் பொறுப்பாக இருந்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே எழுதியிருந்தார். கேட்டவர்கள் குறைவு. மால்வேரின் உள்ளே பதியப்படாத ஓர் இணைய முகவரி இருப்பதைக் கண்டு, அதைத் தன் பெயரில் பதிவு செய்து பரவலை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர். அடுத்த மாதமே, ஜூன் 27-இல், அதே ஓட்டையையும் பயன்படுத்திய நாட்பெட்யா என்ற இன்னொரு மால்வேர் வந்தது. அது மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தையே முடக்கியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஷேரிங் ஏன் முதலிலேயே வேலை செய்வதில்லை? பெரும்பாலும் காரணம் ஃபயர்வால் அல்ல. விண்டோஸ் 11 புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது அதை ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொள்கிறது. ரயில் நிலையத்திலும் காபி கடையிலும் அதுதான் சரி. அந்நியர்கள் நடுவே ஃபோல்டரைக் காட்டக் கூடாது. வீட்டு வைஃபையை மட்டும், செட்டிங்ஸில் அந்த இணைப்பின் விவரத்துக்குப் போய், ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். பிறகு ஷேரிங்கைப் போட்டால், ஃபயர்வால் தானாகவே 445-ஐத் திறக்கும். அதுவும் அதே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும். ஃபயர்வாலைத் தொடவே வேண்டியதில்லை.

அடுத்த முட்டுக்கட்டை பாஸ்வேர்ட். மாடியில் இருந்து ஹால் கம்ப்யூட்டரைத் தொட்டதும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். தினமும் போடுகிற நான்கு இலக்கப் பின்னை அடிப்பார்கள், ஏற்காது. அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்காக இருந்தாலும், வெற்றுப் பாஸ்வேர்டோடு வெளியிலிருந்து நுழைவதை விண்டோஸ் மறுத்துவிடும். மூன்றுமுறை அடித்துச் சலித்த பிறகுதான் “பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்” என்ற வரியைத் தேடிப்பிடித்து அணைக்கிறார்கள். ஃபோல்டரை ‘எவ்ரிஒன்’ என்பதற்குத் திறந்து, ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்று டிக்கும் அடித்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த எவரும், அதாவது விருந்தாளியின் போனும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பும், அந்த ஃபோல்டரில் எழுதலாம், அழிக்கலாம்.

இதற்கு நல்ல வழி எளிது. ஹால் கம்ப்யூட்டரில் பகிர்வதற்கென்றே தனியாக ஒரு லோக்கல் பயனர் கணக்கை உருவாக்குங்கள். நீளமான பாஸ்வேர்ட் கொடுங்கள். ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து, ‘கிவ் ஆக்சஸ் டு’ வழியாக அந்தப் பயனருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். படம், பாட்டு, வீடியோ என்றால் ‘ரீட்’ போதும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வான்னாக்ரை போல ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், அதிலிருந்து எழுத முடிகிற ஷேர்களையும் சேர்த்துப் பூட்டும். பையனின் லேப்டாப்பில் விளையாட்டோடு சேர்ந்து வந்த மால்வேர், அப்பாவின் வருமான வரிக் கணக்கை இப்படித்தான் எட்டும். பேக்கப் ஹார்டு டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம் ரவுட்டர். ஊருக்குப் போனால் வீட்டு ஃபைலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு 445-ஐ இணையத்துக்குத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாத வேலை இது. இணையத்தில் திறந்த போர்ட்டைத் தேடும் தானியங்கிக் கருவிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றை, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழியை வைத்து, அதற்குள்ளிருந்து ஷேரைத் தொடுங்கள். ரவுட்டரில் யுபிஎன்பி இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமலே வெளிப்போர்ட்டைத் திறக்க அது வழி கொடுக்கிறது. ஐபிவி6 வந்த பிறகு ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி கிடைப்பதால், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க்கில் செருகும் ஹார்டு டிஸ்குகளின் கதையும் இதேதான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ வைத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தபோது, வருடக்கணக்கில் சேர்த்த புகைப்படங்கள் எதுவும் இல்லை. இணையம் வழியே வந்த யாரோ அந்தக் கருவிகளை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். 2015-க்குப் பிறகு அவற்றுக்கு அப்டேட்டே வரவில்லை. உடனே இணையத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள் என்றது நிறுவனம். இழந்தவர்களுக்கு அந்த அறிவுரை பிந்திப் போயிற்று.

அப்டேட் நின்றுபோன கருவியில் ஷேரிங் வேண்டாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், அதிலுள்ள ஃபைல்களைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பழையதில் ஷேரிங்கை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.