சீமைக்குப் படம் போட்ட டச்சுக்காரர்!

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சிறுவனைக் கேளுங்கள். சங்கரன்கோவில் எந்தத் திசை, ராஜபாளையம் எந்தத் திசை என்று கையை நீட்டிக் காட்டிவிடுவான். கடல் கடந்த நாட்டைப் பற்றிக் கேட்டால்? தேசப்படத்தைத்தான் விரிக்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் தேசப்படம் அச்சடித்து விற்பதில் பெரும் புகழ் பெற்றவர்கள் டச்சுக்காரர்கள். இங்கிலாந்துக்காரர்களே தங்கள் நாட்டுப் படத்துக்கு அவர்களைத் தேடிப் போனார்கள்!

செப்புத் தகடு

ஜான் ஸ்பீட் என்ற ஆங்கிலேயர் 1611-12இல் தம் நாட்டுப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அதற்குத் தகடு செதுக்கும் வேலை நடந்தது ஆம்ஸ்டர்டாம் நகரில். செதுக்கியவர் ஹோண்டியுஸ்.

செப்புத் தகட்டில் கோடுகளையும் ஊர்ப் பெயர்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகச் செதுக்குவார்கள். மை தடவித் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் நேராக விழும்! பிறகு கையால் வர்ணம் தீட்டுவார்கள்.

1645இல் யோன் பிளேயு என்ற டச்சுக்காரர் இங்கிலாந்துப் படங்களை வெளியிட்டார். அவர் அங்கே போய் அளக்கவில்லை. ஸ்பீட் முதலியோரின் படங்களைப் பார்த்தே போட்டார். பழைய படத்தில் பிழை இருந்தால் புதியதிலும் அது ஏறிவிடும் அல்லவா?

ஆனால் அவர் ஒரு பெரிய நன்மையும் செய்தார். திமோத்தி பான்ட் என்பவர் ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றிப் படம் வரைந்தவர். அச்சில் பார்க்காமலே இறந்துபோனார். அவர் உழைப்பு 1654இல் பிளேயுவின் புத்தகத்தில் வெளிவந்தது.

நம் கடற்கரை

இதே பிளேயு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் படம் வரைபவர். கம்பெனியின் கடற்படங்கள் கையால் எழுதப்பட்டவை. வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். வியாபார ரகசியம்!

1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்கு வந்தன. முத்தும் துணியும் அவர்களை இழுத்தன. 1672இல் பால்டேயுஸ் பாதிரியார் நம் கரையைப் பற்றி எழுதிய புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் படங்களுடன் அச்சாயிற்று. அதே ஆண்டில் பிளேயுவின் அச்சகம் தீக்கிரையாயிற்று. தகடுகள் பல அழிந்தன.

கப்பல்காரனுக்கு வேண்டியது துறைமுகம், கடலின் ஆழம், மணல்திட்டு. தென்காசிப் பாண்டியர் காலத்திலேயே பேர்பெற்ற கரிவலம்வந்தநல்லூரும், அதன் பால்வண்ணநாதர் கோயிலும் அவன் படத்துக்குத் தேவையில்லை. ஊர் சிறியது என்பதால் அல்ல. கப்பல் அங்கே போகாது என்பதால்!

உள்நாட்டை முறையாக அளக்கும் பெருவேலை பின்னால் வந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கினார். கோயில் கோபுரங்கள்மீது கருவியை ஏற்றி வைத்தும் அளந்தார்கள்.

ஆகவே, எந்தத் தேசப்படம் கையில் கிடைத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் போட்டது? எதற்காகப் போட்டது? படத்தில் இல்லாததும் அப்போது கண்ணுக்குத் தெரியும்!