உங்களுக்குத் தெரியுமா? புல்லோடு புல் கலந்தால்…

★ நெல், கரும்பு, கம்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம். பெரும்பாலான புற்களுக்குக் காற்றுதான் மகரந்தத் தூதன். அதனால் பக்கத்து இனத்தோடு கலந்துவிடுவதும் உண்டு.

★ நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகே அப்படி ஆப்பிரிக்காவில் பிறந்த கலப்பினம்தான். அதன் மூதாதையரில் ஒன்று, இன்று நம் ஊர்த் தெருவோரங்களிலும் களையாக முளைக்கும் 'எல்யூசின் இண்டிகா' வழியைச் சேர்ந்தது. மற்றொன்று எந்தப் புல் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

★ கலப்பினப் புல் பெரும்பாலும் மலடு. இரு பெற்றோரின் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஜோடி சேராது. எண்ணிக்கை இரட்டித்தால் ஜோடி கிடைத்து, விதை பிடிக்கும். கேழ்வரகின் 36 குரோமோசோம்களும், ரொட்டிக் கோதுமையின் 42-ம் இப்படி வந்தவையே.

★ இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கடலோரத்தில் உள்ளூர்ப் புல்லும் கப்பலோடு வந்த அமெரிக்கப் புல்லும் கலந்தன. அந்த மலட்டுக் கலப்பு 1870-இல் சேகரிக்கப்பட்டது. பின்னர் அதன் குரோமோசோம் இரட்டித்து, 'ஸ்பார்டினா ஆங்கிலிகா' என்ற புது இனமே உருவாகிச் சேற்றுக் கரைகளில் பரவிவிட்டது.

★ ஒலக்கூர், திண்டிவனம் பக்கம் மாட்டுக்கு வெட்டிப் போடும் கம்பு நேப்பியர் மனிதர் செய்த கலப்பு. கம்புக்கு 14, நேப்பியருக்கு 28, பிள்ளைக்கு 21 குரோமோசோம். ஒற்றைப்படை என்பதால் விதை பிடிக்காது. கரணை நட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

★ வட இந்தியாவின் பழைய மெல்லிய கரும்புகள், தடித்த இனிப்புக் கரும்பும் காட்டு நாணலும் இயற்கையாகக் கலந்து பிறந்தவை. 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையம் அதே கலப்பைக் கையால் செய்து 'கோ 205' ரகத்தைத் தந்தது. தமிழக வயல்களில் கோலோச்சிய 'கோ 86032'-இன் பெற்றோரில் ஒன்றான 'கோசி 671' கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம்.

★ அதே கோவை நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, அதை 1938-இல் அறிவித்தார்.

★ எல்லாக் கலப்பும் லாபமல்ல. காட்டு நெல் பயிர் நெல்லோடு கலப்பதாலும் களை நெல் உருவாகிறது. பார்வைக்குப் பயிர் போலவே இருக்கும். அறுவடைக்கு முன்பே மணி உதிர்த்து, அடுத்த பட்டத்திலும் முளைக்கும். அது தென்பட்ட வயலில் விதைநெல் எடுக்காதீர்கள். மணி உதிரும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.