குட்டி 'பை'... குட்டி கேக்... உடம்புக்கு ஆகுமா?

"அம்மா, பசிக்குது... தின்ன என்ன இருக்கு?"

சாயந்திரம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளை வாசலிலேயே கேட்கும் கேள்வி இது. காலையில் மீந்த இட்லியைக் காட்டினால் முகம் சுருங்கும். "பப்ஸ் வாங்கிக் கொடு" என்று அடம் பிடிக்கும். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஆகட்டும், அதை ஒட்டிய மந்தாரக்குப்பம் ஆகட்டும், எந்த வீட்டிலும் தினமும் நடக்கிற நாடகம்தானே!

இந்தப் பசிக்குப் பதில் சொல்லத்தான் சில வீடுகளின் சமையல் மேடையில் ஒரு குட்டி மிஷின் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர், எலெக்ட்ரிக் பை மேக்கர். (பை என்றதும் மளிகைப் பையை நினைத்துக்கொள்ளாதீர்கள்! மாவுக் கிண்ணத்துக்குள் மசாலாவோ பழமோ வைத்து, மேலே மாவு மூடி போட்டுச் சுடுகிற பலகாரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது.) வெளிநாட்டில் இருக்கும் மகளோ மகனோ லீவுக்கு வரும்போது கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் ஆன்லைனில் வாங்கியதாக இருக்கும்.

"எண்ணெயில பொரிக்கிறது இல்லையே, உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதி, குழிக்குள் நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பணியாரக்கல்லுக்குத் தங்கச்சி

இந்த மிஷினைப் பார்த்து மிரள வேண்டாம். நம் வீட்டுக் குழிப்பணியாரக் கல்லின் தங்கச்சிதான் இது. பணியாரக்கல்லில் சூடு அடியிலிருந்து மட்டும் வரும். அதனால்தான் குச்சியால் திருப்பிப் போடுகிறோம். பை மேக்கரில் மேல் மூடியிலும் ஒரு சூட்டுக் கம்பி உண்டு. மேலும் கீழும் ஒரே நேரத்தில் வேகும். திருப்பவே வேண்டாம். சாண்ட்விச் டோஸ்டர் மாதிரிதான், தட்டையான தகட்டுக்குப் பதிலாக ஆழமான குழிகள். வீட்டுக்கு வாங்கும் சிறிய மாடல்களில் பெரும்பாலும் இரண்டு அல்லது நாலு குழி இருக்கும். இதே குழியில் மாவைக் கரைத்து ஊற்றினால் கப் கேக்!

கப் கேக்கும் நேற்று வந்தது இல்லை. சின்னக் கப்புகளில் ஊற்றிச் சுடும் கேக் பற்றி 1796-லேயே அமெரிக்கச் சமையல் புத்தகம் ஒன்றில் குறிப்பு இருக்கிறது. நம் பக்கத்தில், கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் 1883-ல் கிறிஸ்துமஸ் கேக் செய்து காட்டியதாகச் சொல்வார்கள்.

கரன்ட் எவ்வளவு இழுக்கும்?

நெய்வேலிப் பக்கத்துக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-ல் அனல் மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்த ஊர் ஆயிற்றே! நெய்வேலி நிலக்கரியில் செய்த 'லெக்கோ' கட்டிகளை அடுப்பில் போட்டுச் சமைத்த காலத்தைப் பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள்.

கணக்குப் போடுவோம். 1000 வாட் மிஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேற 5 நிமிஷம், இரண்டு ஈடுக்கு 20 நிமிஷம். மொத்தம் 25 நிமிஷத்துக்கு அதிகபட்சம் 0.4 யூனிட். 1500 வாட் அவனைப் பத்து நிமிஷம் சூடேற்றி, 25 நிமிஷம் சுட்டால் கிட்டத்தட்ட 0.9 யூனிட் வரை போகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் எட்டு பைக்கு அரைக் கிலோகூட ஆகாது. நாலு பேர் குடும்பத்துக்கு இது சிக்கனம்தான்.

கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

பேக்கரி பப்ஸ் வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்கிறதே, காரணம் என்ன? மாவு அடுக்குகளுக்கு நடுவே தடவிய கெட்டிக் கொழுப்பு. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' உண்டாகும். இது ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்ல கொலஸ்டிராலை இறக்கும். மாரடைப்புக்கு வழி போடும். அதனால்தான் எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2021-ல் 3 சதவிகிதத்துக்கு மேலும், 2022-லிருந்து 2 சதவிகிதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டமே போட்டது.

அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? டிரான்ஸ் குறைந்தாலும் நிறைகொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதுவும் இதயத்துக்கு நண்பன் இல்லை. கடையில் எதைப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டில் தெரியும். பை மேக்கரால் கிடைக்கிற பெரிய லாபமே இதுதான்!

ஆனால் வீட்டு பையும் இட்லி ஆகிவிடாது. இரண்டு கப் மாவுக்கு 80 கிராம் வெண்ணெய் போட்டு எட்டு பை செய்தால், உள்ளே வைக்கும் மசாலாவைச் சேர்க்காமலே ஒவ்வொன்றும் சுமார் 180 கலோரி. "பொரிக்கலையே" என்று பிள்ளை நாலு பை தின்றால், அது ஒரு வேளைச் சாப்பாடு மட்டுமல்ல, அதற்கு மேலேயே போய்விடும்.

மேல்மாவு செய்வது எப்படி?

மைதா 1 கப், கோதுமை மாவு 1 கப், உப்பு அரை டீஸ்பூன். இதில் குளிர்ந்த வெண்ணெய் 40 கிராம், கடலை எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து, விரல் நுனியால் ரொட்டித்தூள் மாதிரி ஆகும்வரை பிசிறுங்கள். ஜில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. பிசைந்தால் மேல்மாவு ரப்பர் ஆகிவிடும். மூடி, ஃபிரிட்ஜில் 20 நிமிஷம் வைத்து எடுங்கள். பிறகு சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமனாக இட்டு, அடிப்பக்கத்துக்குப் பெரிய வட்டம், மூடிக்குச் சின்ன வட்டம் என்று வெட்டுங்கள்.

கொலஸ்டிரால், எடை என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சுருக்கு வழி. ஓரம் நீக்கிய கோதுமை ரொட்டித் துண்டைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துத் தட்டையாக்கிக் குழியில் அமுக்குங்கள். மூடி வேண்டாம். வெண்ணெய்ச் செலவே இல்லை!

உள்ளே என்ன வைக்கலாம்?

கறியோ கோழியோ வைத்தால்தான் பை என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் பண்ருட்டி இருக்கிறது. பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்போன ஊர்.

பிஞ்சுப் பலாவை வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், மிளகு, சோம்பு போட்டு வதக்கினால் அருமையான காரப் பை. பழுத்த பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி, தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்துப் பிரட்டினால் இனிப்புப் பை. சர்க்கரையே வேண்டாம், சுளையின் இனிப்பே போதும். அவித்த கொண்டைக்கடலையும் கீரையும், அவித்த முட்டையும் வெங்காயமும், கேரட் பீன்ஸ் பட்டாணி என்று எதுவும் பொருந்தும்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

ஒன்று, மசாலா சொதசொதவென்று இருக்கக் கூடாது. அடிமாவு ஊறி, எடுக்கும்போதே கிழியும்.

இரண்டு, கறி, கோழி, மீன் எதுவானாலும் முன்பே முழுதாக வேகவைத்துவிடுங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் மேல்மாவு சிவக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பச்சைக் கறி வேகாது. வேகாத கோழி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

மூன்று, ஆறவைத்த மசாலாவைத்தான் வைக்க வேண்டும். ஆறட்டும் என்று மணிக்கணக்கில் மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்காக எடுத்து வைப்பதானால் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது நன்றாகச் சூடு பண்ணிக் கொடுங்கள். பள்ளி டிபன் பாக்ஸுக்குக் காய்கறி பையே உத்தமம். அதையும் சுடச்சுட அடைத்து மூடாதீர்கள், வேர்த்து நமத்துப்போகும்.

கப் கேக்: சர்க்கரையில் ஒரு கண்

கோதுமை மாவு 1 கப், ஆப்பசோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துச் சலியுங்கள். மசித்த வாழைப்பழம் 1, கெட்டித் தயிர் அரை கப், எண்ணெய் கால் கப், நாட்டுச்சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு கப் கலந்து, மாவைச் சேர்த்து லேசாகக் கிளறுங்கள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விடுங்கள். குழியில் முக்கால் பாகத்துக்கும் குறைவாகவே ஊற்ற வேண்டும். முதல் 5 நிமிஷம் மூடியைத் திறக்காதீர்கள், பொங்கியது அமுங்கிவிடும். ஏழெட்டு நிமிஷத்தில் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் ரெடி.

தயிர் எதற்கு? ஆப்பசோடா புளிப்போடு சேர்ந்தால்தான் வாயு உண்டாகி மாவு உப்பும். புளிப்பு போதாவிட்டால் சோப்பு வாடை அடிக்கும். இன்னொரு சங்கதி, ஆப்பசோடாவில் சோடியம் உண்டு. கால் டீஸ்பூனிலேயே 300 மில்லிகிராம் இருக்கும். "நல்லா உப்பட்டுமே" என்று அள்ளிப் போட்டால், ரத்த அழுத்தம் உள்ள தாத்தா பாட்டிக்கு அது மறைமுக உப்பு.

சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. இந்த 5 சதவிகிதம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு சுமார் 25 கிராம், அதாவது 6 டீஸ்பூன்தான். மேலே சொன்ன அளவில் எட்டு கேக் செய்தால், ஒன்றில் கிட்டத்தட்ட 2 டீஸ்பூன் வந்துவிடும். பிள்ளைக்கு ஒன்று போதும். அதன் தலையில் கிரீம் வேண்டாம், அது கொழுப்பும் சர்க்கரையும்தான்.

"நாட்டுச்சர்க்கரைதானே, சுகர் பேஷன்ட் சாப்பிடலாமே" என்கிறவர்கள் கவனிக்கவும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த கேக்கே வேண்டாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முந்திரியை முழுசாக வைக்காமல் பொடித்துச் சேருங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பிளக்கில் செருகுமுன்...

* வெளிநாட்டிலிருந்து வந்த மிஷினா? அடியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்காவின் 110-120 வோல்ட் மிஷினை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் மிஷினுக்கு வோல்ட் பிரச்னை இல்லை, பின் வேறு. எர்த் உள்ள மூணு பின் பிளக்காக எலெக்ட்ரீஷியனிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

* 1000 வாட்டுக்கு மேல் இருந்தால் பெரிய பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மிக்ஸி, ஃபிரிட்ஜ் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதையும் சேர்க்காதீர்கள்.

* குழியில் நான்ஸ்டிக் பூச்சு இருக்கும். மரக்கரண்டி மட்டும் போடுங்கள். காலியாக நெடுநேரம் சூடேற விடாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைந்து புகை விடும்.

* தண்ணீரில் முக்கிக் கழுவவே கூடாது. பிளக்கை எடுத்து, ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

* மூடியின் வெளிப்புறமும் சுடும். பிள்ளைகள் மாவு வெட்டட்டும், மசாலா வைக்கட்டும். மூடியைத் திறப்பது பெரியவர்கள் வேலை. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

இந்த வாரமே ஆரம்பிக்க நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலே நாலு காய்கறி பை மட்டும் செய்து பாருங்கள். ஆளுக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு தட்டு வெள்ளரி, கேரட் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களுக்குச் சுண்டல் இருக்கிறது, பழம் இருக்கிறது, அந்தப் பழைய பணியாரக்கல்லும் இருக்கிறது!