செருவும் ஏரியும்: சித்தூர்ப் பக்கத்து முதியோர் நினைவுகளைப் பதிவு செய்தல்

திருமலைக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். தேவஸ்தானம் 1930-களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டது. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு நடைமுறையைக் காணலாம். பக்தர் ஒருவர் கோயில் பண்டாரத்தில் பணம் செலுத்துவார். அந்தப் பணத்தைக் கொண்டு கோயிலுக்குரிய கிராமம் ஒன்றில் ஏரியோ கால்வாயோ வெட்டுவார்கள். அதனால் கூடும் விளைச்சலிலிருந்து அவர் பெயரால் சுவாமிக்கு அமுதுபடி நடக்கும். பர்ட்டன் ஸ்டெயின் என்ற வரலாற்றாசிரியர் 1960-ல் இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதிய கட்டுரை ஆய்வாளர்களிடையே நன்கு அறியப்பட்டது.

பணம் கொடுத்தவர் பெயரைக் கல் சொல்கிறது. ஆனால் அந்த ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதை யார், எந்த முறையில் பங்கிட்டார்கள்? மடையைத் திறக்கும் உரிமை யார் கையில் இருந்தது? இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் கல்வெட்டு பதில் சொல்லாது. அண்மைக் காலத்தைப் பொறுத்தவரை, பதில் ஊர்ப் பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நான் செய்த ஒரு தவறிலிருந்து கற்றது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

2003-ல் ஊருக்குப் போயிருந்தபோது, புத்தூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் பெரியப்பாவின் எதிரில் ஒரு டேப்ரிக்கார்டரை வைத்து இரண்டு மாலைகள் பேசச் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். ஏரியை அவர் ஒருபோதும் ஏரி என்று சொன்னதில்லை, செருவு என்றே சொல்வார்.

"செருவு நிண்டிப்போச்சின்னா ஒருத்தன் ஒருத்தனைக் கேக்கமாட்டான்டா. அரைச் செருவு ஆச்சுன்னாதான் நீருகண்டி ராஜா. அவன் சொன்னா சொன்னதுதான். ரெட்டி கழனியா இருந்தாலும் சரி, மடையை மூடுன்னா மூடணும்" என்றார் அவர்.

நீருகண்டி என்பவர் ஊர் ஏரியின் தண்ணீரைப் பங்கிடும் ஊழியர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, மடையன் என்று பல பெயர்களால் அழைக்கப்பட்டவரும் இவரே. அறுவடைக் களத்தில் இவருக்கு மேரை என்று ஒரு பங்கு தானியம் உண்டு. பல ஊர்களில் இந்தப் பொறுப்பு தாழ்த்தப்பட்ட குடும்பங்களிடம் இருந்தது. ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரே ஓரவஞ்சனை இல்லாமல் தண்ணீர் விடுவார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எங்கள் ஊர் நீருகண்டியும் காலனியைச் சேர்ந்தவர்தான். பெரியப்பா அவர் பெயரைச் சொன்னார், அவர் அப்பா பெயரையும் சொன்னார். பகலில் நிழலை அடியால் அளந்தும், இரவில் நட்சத்திரம் பார்த்தும் அவர் முறை மாற்றிய விதத்தை விவரித்தார்.

நான் திரும்பி வந்து அதை எழுத்தாக்கினேன். ஒரு சிறு மலருக்காக "நல்ல தமிழில்" எழுதினேன். செருவை ஏரி ஆக்கினேன். நீருகண்டியை "நீர்ப் பங்கீட்டாளர்" ஆக்கினேன். சாதிப் பேச்சு வந்தால் யாராவது மனம் வருந்துவார்களோ என்று அவர் எந்தத் தெருக்காரர் என்பதையும், கூடவே அவர் பெயரையும் விட்டுவிட்டேன். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். கேசட்டை ஒரு பெட்டியில் போட்டு மறந்துபோனேன். பெரியப்பா 2006-ல் காலமானார்.

சில ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது அந்த நீருகண்டியின் பேரன் என்னைத் தேடி வந்தார். படித்து வேலையில் இருப்பவர். "அண்ணா, உங்க பெரியப்பா எங்க தாத்தாவைப் பத்திப் பேசினாராமே, டேப்புல இருக்குதாமே. அவர் பேரு வர்ற இடத்தை மட்டும் ஒரு தடவை கேட்கலாமா?" என்றார். ரெட்டி கழனியின் மடையை மூடச் சொல்லும் அதிகாரம் தன் தாத்தாவுக்கு இருந்தது என்று வீட்டில் கேட்டிருக்கிறார். அதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கிடந்தது. அச்சில் இருந்த என் கட்டுரையில் "ஒரு நீர்ப் பங்கீட்டாளர்" மட்டுமே இருந்தார். அவருக்குப் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. அந்த இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்லண்ணா" என்று போய்விட்டார். அந்த ஒரு சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

சொன்னபடியே எழுதுதல்

ஆகவே முதல் விதி: சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். விளக்கம் தேவையானால் பக்கத்தில் தனியாக எழுதலாம். செருவு என்பது தெலுங்குச் சொல்தானே, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் மாவட்டத்தின் வரலாறே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911-ல் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லை இத்தனை முறை மாறியது. பேச்சு மட்டும் எந்த எல்லையையும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சொற்கள், நிலச் சொற்கள், அளவைச் சொற்கள் எந்த மொழியில் வருகின்றன என்பதே ஒரு சான்று. அதைத் திருத்தினால் சான்றை அழித்தவர்கள் ஆவோம். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்து காட்டிய வழி இதுதான். எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒன்று செய்ய வேண்டுமானால் மூலப்பொருள் இந்தப் பதிவுகளே.

ஆண்டு கணிக்கும் வழி

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "கரணம் உத்தியோகம் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், உடனே வரும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. கர்ணம், மணியம் முதலிய பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் ஒழித்தது. ஆந்திரத்தில் என்.டி.ஆர். அரசு 1984-ல் ஒழித்தது. பள்ளிப்பட்டுக்காரரும் நகரிக்காரரும் சம்பந்திகளாக ஒரே திண்ணையில் உட்கார்ந்து "கர்ணம் போன வருஷம்" என்று சொன்னாலும், இருவரும் சொல்வது ஒரே வருஷம் ஆகாது.

"சாராயக் கடை மூடின வருஷம்" என்பதும் அப்படியே. ராஜாஜி அரசு 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி 1938-ல் சித்தூருக்கும் கடப்பைக்கும் விரிவாக்கியது. ஆந்திரத்தில் 1993-ல் சாராயம் தடை செய்யப்பட்டது, 1995-ல் முழு மதுவிலக்கு வந்தது, 1997-ல் அது தளர்த்தப்பட்டது. எண்பது வயதுப் பாட்டி கடை மூடியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னால் அது 1990-களின் செய்தி. தன் மாமியார் சொன்னதாகச் சொன்னால் 1938 ஆகவும் இருக்கலாம். ஆகவே கண்டதா, கேட்டதா என்று ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்மொழி மரபைப் பற்றி 1961-ல் நூல் எழுதிய ஜான் வான்சினா என்ற அறிஞரும், செய்தி எத்தனை வாய் கடந்து வந்தது என்பதை ஆராயச் சொல்கிறார்.

அறுபது வருஷப் பெயர்கள் இரு மொழிக்கும் பொது. ஆனால் தெலுங்கு வருஷம் உகாதியன்று பிறக்கிறது, தமிழ் வருஷம் சித்திரை முதல் நாள் பிறக்கிறது. 1960-ல் உகாதி மார்ச் மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. எல்லை மாறிய ஏப்ரல் 1-ம் தேதியன்று தெலுங்குப் பஞ்சாங்கத்தில் சார்வரி பிறந்துவிட்டது, தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இன்னும் விகாரி நடந்துகொண்டிருந்தது. ஒருவர் விகாரி என்றும் மற்றவர் சார்வரி என்றும் சொன்னால் இருவர் சொல்வதும் சரிதான். எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்காதவரே தவறு செய்தவர்.

யாரிடம் கேட்பது

பெரும்பாலும் நாம் முதலில் போய் உட்காருவது நம் உறவினர் வீட்டுத் திண்ணையில்தான். அங்கே கிடைப்பது ஒரு தெருவின் நினைவு. அமெரிக்காவில் 1948-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பணி தொடங்கியபோதும் முதலில் பெரும்பாலும் பிரமுகர்களையே பேச வைத்தார்கள். சாதாரணத் தொழிலாளர், பெண்கள் நினைவுகளுக்கும் அதே மதிப்பு உண்டு என்பதை 1978-ல் பால் தாம்சன் எழுதிய நூல் அழுத்தமாகச் சொன்னது. நம் ஊர்க் கணக்கில் இதற்குப் பொருள், ஒரே செய்தியை ஊருக்குள்ளும் காலனியிலும் ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பது. ஆண்கள் மடையையும் வழக்கையும் சொல்வார்கள். எந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைப் பெண்களே நுணுக்கமாகச் சொல்வார்கள், ஏனென்றால் குடம் சுமந்தவர்கள் அவர்கள்.

திருப்பதியிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை மே மாத வாக்கில் ஒரு வாரம் நடக்கும். பெண்களைத் தொல்லைப்படுத்திய பாளையக்காரனைத் தேடி அம்மன் வேஷம் மாற்றி மாற்றி வந்தாள் என்ற கதையின்படி ஆண்கள் நாளுக்கொரு வேஷம் போடுவார்கள். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதைப் பல முறை நேரில் வந்து ஆராய்ந்து 2013-ல் ஒரு நூல் வெளியிட்டார். வேஷம் போடும் உரிமை பெற்ற கைகால குடும்பத்தாரையும், அம்மனோடு வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்ட பெண்களையும் அவர் பேசவிட்டுக் கேட்டிருக்கிறார். மலைமேல் உள்ள கோயிலுக்குக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. மலையடிவாரத்து அம்மனின் வரலாறு பெருமளவு இப்படிப்பட்டவர்களின் பேச்சில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பேசி ஒன்றே போதும். தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர், வயது ஆகியவற்றை ஒலியிலேயே சொல்லிவிடுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற பதிலோடு நின்றுவிடும். கையில் பிடிக்கும் பொருளைக் கேளுங்கள்: கவலை இறைத்த தோல்சால், வெல்லம் காய்ச்சிய கொப்பரை, படி, மரக்கால். பேச்சு தானாக வரும். அவர் மௌனமானால் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்பதை அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்யுங்கள். பிறர் மனம் வருந்தும் என்று நாமாக வெட்டக் கூடாது. வெளியிடாமல் வைத்திருப்பது வேறு, அழிப்பது வேறு. ஒலியை மூன்று இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒரு படி அந்த ஊரிலேயே, பேசியவர் குடும்பத்திடம் இருக்கட்டும்.

இன்று எண்பதைத் தாண்டியவர்கள் 1960-ல் பதின்ம வயதினர். நீருகண்டி முறை மாற்றியதைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை இதுதான். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பிறகு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

சென்ற முறை போனபோது, பெரியப்பா காலத்தவர் இன்னும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். முதியவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேரன் தன் ஊரையும் தெருவையும் சொன்னதும் அவர் முகத்தை நிமிர்த்தி, "நீ நீருகண்டி மனவடா?" என்று கேட்டார். பிறகு தாத்தாவின் பெயரைச் சொன்னார். இந்த முறை அந்தப் பெயர் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. கட்டுரையில் அதை அச்சிடவா என்று பேரனிடம் கேட்டேன். "இப்ப வேண்டாண்ணா, முதல்ல எங்க வீட்டுல எல்லாரும் கேட்கட்டும்" என்றார். அவர் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.