என் இதயம் ஏன் ஓடுகிறது?

என்.சி.சி. அணிவகுப்பில் 'சாவ்தான்' என்ற கட்டளை ஒலித்தால் உடலை விறைப்பாக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முழங்கால் மடங்கக் கூடாது. ஈ மொய்த்தாலும் கை அசையக் கூடாது. முதலாண்டில் ஆகஸ்டு 15 அன்று காலை நம் கல்லூரித் திடலில் நான் அப்படித்தான் நின்றேன். கொடியேற்றம் முடிந்து சிறப்புரை தொடங்கியது. வெயில் ஏறிற்று. காதில் வண்டு இரைவது போல் ஓர் ஒலி. பேச்சாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மாறிற்று. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. திடல் மஞ்சளாகி, பின் கருத்தது. கண் விழித்தபோது என் கையில் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சீருடையெல்லாம் சோடா.

வலிப்பு என்று எண்ணிவிட்டார்கள் போலும். வலிப்பே ஆனாலும் சாவிக்கு அங்கே வேலையில்லை என்பது வேறு செய்தி. அன்று மாலைக்குள் என்னைப்பற்றி மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டன: சாப்பிடாமல் வந்தவள், பயந்தவள், நெஞ்சு பலவீனமானவள். மூன்றாவது தீர்ப்பு எனக்கு முன்பே எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாத முகாமுக்கான பட்டியலில் என் பெயர் இல்லை.

வரலாறு பயிலும் நான் மருத்துவம் எழுதப் புகுந்தது இதனால்தான். மூன்றாண்டுகளாக என் உடம்பே எனக்குப் பாடநூலாக இருந்து வருகிறது.

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர் மருத்துவர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் இங்கிலாந்துப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார்; இரத்தம் அதில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். குதிரையை நினைத்தால் மனம் கசிகிறது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய குதிரைகள் பல. 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் பட்டை சுற்றி அளக்கும் பாதரசக் கருவியை அமைத்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப், அப்பட்டைக்குக் கீழே குழலை வைத்து ஒலி கேட்கும் முறையைக் கண்டார். மேல் எண், கீழ் எண் என்று நாம் சொல்லும் இரண்டும் அம்முறையால் நமக்குக் கிடைத்தவை.

90/60க்குக் கீழே இருந்தால் குறைந்த அழுத்தம் என்பது வழக்கு. ஆனால் எண் குறைவது மட்டுமே நோயாகிவிடாது. நன்கு ஓடிப் பழகிய விளையாட்டு வீரர் சிலருக்கும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை எங்கே வருகிறது என்றால், எழுந்து நிற்கும்போது.

நாம் எழுந்தவுடன் ஏறக்குறைய அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை இரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. பூமி இழுக்கிறது; இரத்தம் போகிறது. கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை உடனே முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் சொல்கிறது. இதயத்தை விரைந்து அடிக்கச் சொல்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிகிறது. கால் அசையும்போது கெண்டைக்கால் தசையும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளி உதவுகிறது. அணிவகுப்பில் நாம் செய்வது என்ன? அந்தத் தசையைக் கட்டிப்போட்டு, வெயிலில் வியர்வையாக நீரையும் இழக்கிறோம். மூளைக்கு இரத்தம் போதாமல் போகிறது, மயங்கி விழுகிறோம். விழுந்ததும் உடல் கிடைநிலைக்கு வருவதால் இரத்தம் தலைக்குத் திரும்புகிறது. ஆகவே மயங்கியவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

பின்னர் ஒரு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து அளந்தார்: 98/62, நாடி 74. எழுந்து நின்ற 3ஆம் நிமிடத்தில் 76/50, நாடி 112. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கணக்கில் கொள்ளத்தக்கது என்றார். இரத்தமும் சோதித்தார். ஹீமோகுளோபின் 8.9, பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் விழுங்கினேன். "உன் இதயம் ஓடவில்லையம்மா, ஓடவைக்கப்படுகிறது. அழுத்தம் குறைகிறது, அது ஈடுகட்டுகிறது" என்று அவர் சொன்னபோது, இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த இதயத்தின்மேல் எனக்கு இரக்கமே உண்டாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். இரண்டாம் ஆண்டில் நூலகத்தில், கீழ்த்தட்டில் இருந்த புத்தகத்தை எடுக்கக் குனிந்தேன். சுவிட்சைத் தட்டியதுபோல் நெஞ்சு பறக்கத் தொடங்கிற்று. இது பழைய படபடப்பு அன்று. உட்கார்ந்தேன், நிற்கவில்லை, படுத்தேன், அடங்கவில்லை. கழுத்து நரம்பு துடிப்பது அருகிலிருந்தவர்க்கே தெரிந்ததாம். 20 நிமிடம் கழித்து, தொடங்கியது போலவே ஒரே நொடியில் நின்றது. மருத்துவமனைக்குப் போனபோது ஈ.சி.ஜி. ஒழுங்காக இருந்தது. 'தேர்வு அச்சம்' என்று சீட்டில் எழுதினார்கள். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். உண்மையில் என் வருத்தம் துடிப்பைப்பற்றியதைவிட இதைப்பற்றியதுதான்.

நான்காம் முறை விடுதித் தோழி ஒருத்தி 15 நொடிக்கு நாடியை எண்ணினாள்: 47. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 188. உடனே ஆட்டோ பிடித்தாள். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது. அந்த ஒரு காகிதம் போதுமானதாயிற்று. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்னோட்டம் செல்லும் இடத்தில் எனக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றனவாம். மின்னோட்டம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் செக்குமாடுபோல் சுற்றுகிறது. ஒரு ஊசிக்குழாயைக் கொடுத்து, அதன் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊதச் சொன்னார்கள். உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள். நின்றுவிட்டது! உட்கார்ந்தபடியே ஊதும் பழைய முறையில் 100க்கு 17 பேருக்குத்தான் நின்றது என்றும், இந்த மாற்றத்தால் 43 பேருக்கு நின்றது என்றும் 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு கூறுகிறது. மருத்துவர் கற்றுக்கொடுத்தபின் செய்ய வேண்டியது இது. கழுத்தைப் பிசைவது போன்றவற்றை நாமாகச் செய்யலாகாது.

ஆக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஓட்டம் ஒன்று. சட்டென்று பிடித்துச் சட்டென்று விடும் ஓட்டம் மற்றொன்று. இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும். ஓட்டத்தின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது நான் படுக்கையிலிருந்து குதித்து எழுவதில்லை. உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு எழுகிறேன். வரிசையில் நிற்கும்போது காலணிக்குள் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும். கண் இருண்டால் வெட்கப்படாமல் தரையில் குந்திவிடுவேன்; ஒருமுறை உள்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் வராந்தாவில் என்னைப் படுக்கவைத்து, இழந்த நேரத்தையும் கூட்டித் தந்தார். நிறையத் தண்ணீர், உப்புப் போட்ட மோர். அப்பாவுக்கோ உயர்ந்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரே உலையில் வடிச்ச கஞ்சி. உனக்கு ஒரு கல் கூட, அவருக்கு ஒரு கல் குறைச்சல். நல்ல அப்பா, நல்ல மக!" என்பாள் அம்மா.

தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த அதிகப்படிப் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. என் வகைக்கு 100க்கு 90 பேருக்கு மேல் குணமாகிறது. பருவத்தேர்வு முடிந்த மறுவாரம் நாள் குறித்திருக்கிறார்கள். அப்பா சம்மதிக்க நான்கு மாதம் ஆயிற்று. சிகிச்சையைக் கண்டு அவர் அஞ்சவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுமே என்றுதான் அஞ்சினார். "செஞ்சுக்கோ, ஆனா வெளியே யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

இந்த ஆண்டு மலரை வீட்டுக்கு எடுத்துப்போய் முதலில் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.